குதிரை எதைக் கேட்டது?

ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நம்மூரில் தவறாமல் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: அகல உழுவதைவிட ஆழ உழு. ஒரு துறையை எடு, அதில் ஒரு மூலையை எடு, அந்த மூலையில் ஒரு கேள்வியை எடு, அப்புறம் சில வருஷம் தலை நிமிராதே. நானும் என் மாணவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் நல்ல அறிவுரைதான். ஆனால் சில காலம் முன்பு ஒரு நிதிக்குழுவின் முன்னால் நானும் ஒரு கால்நடை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தபோது, அதே பழமொழி எங்கள் பக்கம் திரும்பியது. நான் மின்னணுவியல் ஆசிரியன். பல காலமாக இசைப் பதிவுகளைக் கணினியில் அலசிக்கொண்டிருப்பவன். அவர் கறவை மாடுகளின் வயிற்றுக் கோளாறுகளில் கை தேர்ந்தவர். மாட்டின் விலாவைச் சுண்டினால் எழும் ஒலியையும் அதன் மூச்சில் வரும் வாசனையையும் சேர்த்து வைத்து ஒரு நோயைக் கண்டறிய முடியுமா என்று பார்ப்பதுதான் திட்டம். குழுவில் இருந்த மூத்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "கம்ப்யூட்டர், சென்சார், மாடு, மியூசிக். இதுல உங்க துறை எது சார்?" என்று கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. கடைசியில் அந்தப் பழமொழியைச் சொல்லி அனுப்பினார்.

நிதி கிடைக்கவில்லை. அது சகஜம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாலு துறையின் பெயர்களை ஒட்டி நிதி கேட்கும் திட்டங்களைப் பார்த்து அவர் சலித்திருப்பார், நானும் பார்த்திருக்கிறேன். எதை எடுத்தாலும் அதன்மேல் ஒரு இயந்திரக் கற்றலை (தரவிலிருந்து கணினியே கற்கும் முறையை) பூசி, 98 சதவீதம் என்று ஒரு எண்ணைப் போட்டுக் கட்டுரையாக்கிவிடுகிற பழக்கம் நம் கல்லூரிகளில் பெருகிக் கிடக்கிறது. அப்படியென்றால் நாங்கள் செய்ய நினைத்தது அதிலிருந்து எந்த வகையில் வேறு? இதை யோசிக்க யோசிக்க, என் மனம் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு குதிரையிடமே போய் நின்றது.

ஹான்ஸ்

புத்திசாலி ஹான்ஸின் கதை பலருக்குத் தெரியும். பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் வளர்த்த குதிரை. கூட்டல், பின்னம், தேதி என்று எதைக் கேட்டாலும் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904இல் அது ஊரெல்லாம் பேச்சாகிவிட, உண்மையைக் கண்டறிய ஒரு குழு அமைந்தது. பலரும் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. அந்தக் குழுவை நடத்திய கார்ல் ஷ்டும்ப் விலங்கியல்காரர் அல்ல. இசையின் உளவியலை ஆராய்ந்தவர். ஒரு சுரம் காதில் விழும்போது மனம் என்ன செய்கிறது, இரண்டு சுரங்கள் சேர்ந்தால் ஏன் ஒன்றாக உருகுவதுபோல் கேட்கிறது என்பதெல்லாம் அவருடைய கேள்விகள். 1900இல் பெர்லினுக்கு வந்த சயாம் நாட்டு இசைக்குழுவை மெழுகு உருளைகளில் பதிவுசெய்து, உலக இசைக்கென்று ஓர் ஒலிக்காப்பகத்தைத் தொடங்கியவரும் அவர்தான். ஹான்ஸ் இசையிலும் கெட்டி என்று சொன்னார்கள்: சுரங்களை அடையாளம் காட்டும், ஒத்திசையாத சுரக்கூட்டில் எந்தச் சுரத்தை நீக்கினால் சரியாகும் என்றும் சொல்லும்.

குழு பார்த்த அளவில் மோசடி எதுவும் இல்லை. உண்மையாகவே இல்லை. ஃபான் ஓஸ்டன் யாரையும் ஏமாற்றவில்லை. தன் குதிரைக்குக் கணக்கு வரும் என்று மனதார நம்பினார். ஷ்டும்பின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்தான் பொறுமையாக ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். குதிரை கேட்பவரைப் பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்தார். இரண்டிலும் ஹான்ஸின் கணக்கு கவிழ்ந்தது. விடை தெரிந்தவர் கேட்டபோது பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது சரி. தெரியாதவர் கேட்டபோது பத்துக்கு ஒன்றுகூட இல்லை. கேள்வி கேட்டதும் குளம்பைப் பார்க்க மனிதர்கள் லேசாகக் குனிவார்கள். சரியான எண்ணிக்கை வந்ததும் அவர்களை அறியாமலேயே தலை ஒரு நூலிழை நிமிரும். ஹான்ஸ் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபுங்ஸ்ட் அத்தோடு நிறுத்தவில்லை. ஆய்வுக்கூடத்தில் தானே குதிரையின் இடத்தில் நின்றார். வந்தவர்கள் மனதில் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ள, இவர் தட்டினார். 25 பேரில் 23 பேர் தங்களை அறியாமல் தலையசைவால் விடையைக் காட்டிக்கொடுத்தார்கள். 1907இல் எல்லாம் புத்தகமாக வந்தது.

எனக்கு இதில் பிடித்தது ஹான்ஸ்தான். அது பொய் சொல்லவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. ஒரு விஷயத்தை அபாரமாகக் கற்றிருந்தது. நாம் கற்பித்ததாக நினைத்தது ஒன்று, அது கற்றது வேறொன்று. விடை சரியாக வந்துகொண்டிருந்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

இருபது ஹெர்ட்ஸுக்குக் கீழே

இசையைக் கணினியால் ஆராயும் எங்கள் துறைக்குள் ஹான்ஸை அழைத்து வந்தவர் பாப் ஸ்டர்ம். சரியான விடையைத் தவறான காரணத்துக்காகச் சொல்லும் மென்பொருளுக்கு அவர் வைத்த பெயரே 'குதிரை'. ஒரு மென்பொருள் குதிரையா இல்லையா என்று பார்ப்பது எப்படி என்று 2014இல் ஒரு கட்டுரையும் எழுதினார். அவர் நோண்டிப் பார்த்த தொகுப்பு, 2002இல் ட்சானெடாகிஸும் குக்கும் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்தியது: பத்து இசைவகைகள், வகைக்கு நூறு துண்டுகள், துண்டுக்கு முப்பது விநாடி. பாட்டைக் கேட்டு அது ப்ளூஸா, ஜாஸா, மெட்டலா என்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் உலகெங்கும் இதை வைத்துத்தான் மதிப்பெண் போட்டார்கள். ஸ்டர்ம் ஆயிரம் துண்டுகளையும் அலசிப் பார்த்தால், உள்ளே ஒரே பதிவு இருமுறை, ஒரே கலைஞரின் பாட்டுகள் கூட்டம் கூட்டமாக, பெயர் மாற்றி ஒட்டியவை என்று ஏகப்பட்ட குளறுபடி.

அதைவிட என்னை உலுக்கியது 2016இல் அவரும் வேறு இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. இதே தொகுப்பில் மிக நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு முறையை எடுத்து, அது எதைப் பிடித்துக்கொண்டு விடை சொல்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். 20 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 20 முறைக்குக் கீழே இருந்த அதிர்வையும் அது பயன்படுத்திக்கொண்டிருந்தது. மனிதக் காது தொடங்குவதே அங்கிருந்துதான். அதற்குக் கீழே இருப்பது யார் காதிலும் விழாது. எந்த இசைக்கலைஞரும் அதை நினைத்து வாசிக்கவில்லை. அந்தப் பகுதியை வடிகட்டி எடுத்ததும் மதிப்பெண் சரிந்தது.

நம் பக்கமும் இதற்கு விலக்கல்ல. ராகத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் என்று கட்டுரைகள் வருகின்றன. சிலவற்றில் உழைப்பு அருமை. ஆனால் எத்தனை பேர் ஒரே பாடகியின் கல்யாணியைக் கற்றுக்கொள்ளவும் கொடுத்து, அதே கச்சேரியின் இன்னொரு துண்டைத் தேர்வுக்கும் கொடுக்கிறார்கள்! அந்தச் சுருதி, அந்தத் தம்புரா, அந்த சபாவின் மைக், அந்தக் குரல் எல்லாமே இரண்டிலும் ஒன்று. மென்பொருள் கற்றது கல்யாணியையா, அந்தப் பாடகியையா, அந்த மைக்கையா? சாவேரி பாடினாலும் அது கல்யாணி என்று சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு கச்சேரி ரசிகர் இதை ஐந்து நிமிஷத்தில் கேட்டுவிடுவார். கணினி மட்டும் படித்தவருக்கு அந்தக் கேள்வி தோன்றாமலே போகலாம்.

வாயு வருமுன்னே

வாசனை விஷயத்தில் கதை இன்னும் தெளிவு. மின்னணு மூக்கு என்கிற எண்ணத்துக்கு அடிப்படை போட்டது, 1982இல் கிருஷ்ண பெர்சாடும் ஜார்ஜ் டாடும் வெளியிட்ட ஆய்வு. நம் மூக்கில் இருப்பதுபோல, எந்த ஒரு உணரியும் (சென்சாரும்) எந்த ஒரு வாசனைக்கும் சொந்தமில்லை. பல உணரிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் பதில்களின் மொத்த வடிவத்தை வைத்து வாசனையை அறிவது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் உணரிகளில் பல, சூடாக்கிய டின் ஆக்ஸைடு படலங்கள். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதன் மேற்பரப்பில் ஒட்டி மின்தடையை ஏற்றி வைத்திருக்கும். அசிட்டோன், ஆல்கஹால் போன்ற ஆவி வந்தால் அந்த ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து தடை இறங்கும். எளிய தத்துவம். சிக்கல் என்னவென்றால் இந்தப் படலம் ஈரப்பதத்துக்கு மாறும், வெயிலுக்கு மாறும், வயதானாலும் மாறும். இன்று காட்டிய எண்ணை அடுத்த மாதம் காட்டாது.

உணரி ஆராய்ச்சியாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஒரு தரவுத் தொகுப்பு 2013இல் வந்தது. காற்றுச் சுரங்கத்தில் பத்து வகை ஆவிகளை விட்டு, பல பலகைகளில் பொருத்திய உணரிகளால் அளந்தது. பல ஆய்வுகளுக்கு அடித்தளமாக இருந்த தொகுப்பு. 2022இல் ஒரு குழு அதைத் திரும்ப எடுத்து ஒரே ஒரு சோதனை செய்தது: ஆவியைத் திறந்துவிடுவதற்கு முன்பு, சுரங்கத்தில் வெறும் காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தின் எண்களைக் கொடுத்து, அடுத்து வரப்போவது எந்த ஆவி என்று கணினியிடம் கேட்டார்கள். அது சொல்லிவிட்டது. வராத வாசனையை முகராமலே சொல்லிவிட்டது. காரணம், ஒவ்வொரு ஆவியையும் கலந்து அளக்காமல் தொகுதி தொகுதியாக வெவ்வேறு காலத்தில் அளந்திருந்தார்கள். அந்தந்தக் காலத்தில் உணரியின் அடிநிலை எங்கே நகர்ந்திருந்தது என்பதே விடையைக் காட்டிக்கொடுத்தது. இந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எவ்வளவு நல்லவர்கள், எவ்வளவு கவனமானவர்கள் செய்த வேலை அது!

உயிருள்ள மூக்கும் தப்பவில்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 மோப்பநாய்களையும் அவற்றின் பயிற்சியாளர்களையும் வைத்துச் செய்த ஒரு சோதனை 2011இல் வெளிவந்தது. எந்த அறையிலும் போதைப்பொருளோ வெடிமருந்தோ இல்லை. ஆனால் சில இடங்களில் ஒட்டிய சிவப்புத் தாள், வாசனை அங்கேதான் இருக்கிறது என்று பயிற்சியாளர்களை நம்ப வைத்தது. இல்லாத வாசனையை நாய்கள் கண்டுபிடித்ததாகத் திரும்பத் திரும்பப் பதிவானது. அதுவும் சிவப்புத் தாள் இருந்த இடங்களில் அதிகமாக. நாய் கற்றுக்கொண்டது வாசனையை மட்டுமல்ல, தன் ஆளின் உடம்பையும்.

கட்டுத்தரையில்

இவ்வளவையும் படித்து வைத்திருந்தேன். ஆனாலும் எனக்கு இது உறைத்த இடம் நாமக்கல் பக்கம் ஒரு கட்டுத்தரை.

மருத்துவர் என்னை வரச்சொல்லியிருந்தார். சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகை, ஓரத்தில் சோளத்தட்டுப் போர், உள்ளே நாலு மாடுகள். ஒன்று மட்டும் முதுகைக் கூனிக்கொண்டு ஒதுங்கி நின்றது, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) கலப்பு, நல்ல கறவை. வீட்டம்மா வயதானவர். "என்னங்கம்மா, கன்னு போட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார் மருத்துவர். "ரெண்டு வாரமாச்சுங்க சாமி. பாலு பாதிக்கு எறங்கிருச்சு. தவுடு, புண்ணாக்கெல்லாம் மோந்துகூடப் பாக்க மாட்டேங்குதுங்க. வெறும் தட்டை மட்டும் கடிச்சுக்கிட்டு நிக்குது." மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கன்று போட்ட புதிதில் அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டுத் தட்டை மட்டும் கடிக்கும் மாடு என்றால், பாதி நோய் அந்த அம்மாவின் வாயிலேயே வந்துவிட்டது என்று அப்புறம் எனக்குச் சொன்னார்.

மாட்டின் மூக்கருகே குனிந்து அதன் மூச்சை முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். லேசாக அழுகிய பழம்போல, நகப்பூச்சை அழிக்கும் திரவம்போல ஒரு வாடை. பால் கறக்கச் செலவாகும் சக்திக்குத் தீவனம் ஈடுகொடுக்காதபோது மாடு தன் கொழுப்பைக் கரைக்கிறது. கரைந்த கொழுப்பில் ஒரு பங்கு கீட்டோனாக மாறி இரத்தத்திலும் பாலிலும் மூச்சிலும் வெளிவருகிறது. "எனக்கு இந்த வாடை சட்டுன்னு தெரிஞ்சிரும் சார். என் உதவியாளருக்குச் சுத்தமாத் தெரியாது. நல்ல மூக்குதான், ஆனா இது மட்டும் பிடிபடாது" என்றார். மனிதருக்கு மனிதர் அப்படித்தான். அதனால் அவர் மூக்கை மட்டும் நம்புவதில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைப் பொடியை எடுத்துச் சிறிது பாலை அதன்மேல் விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பிலிருந்து ஊதா நிறம் ஏறியது. ராத்தெராவின் சோதனை, பொடியிலுள்ள நைட்ரோபுருசைடு கீட்டோனோடு சேர்ந்தால் வரும் நிறம். நான் மேசையில் கட்டப்போகும் பெட்டியைவிட நேர்மையான இரசாயன உணரி அது என்று தோன்றியது.

அடுத்து இடது பக்கம் வந்தார். கடைசி விலா எலும்புகளின் மேல், ஒன்பதாவதுக்கும் பதின்மூன்றாவதுக்கும் இடையில் ஸ்டெதஸ்கோப்பை அழுத்தி வைத்துக்கொண்டு, பக்கத்தில் நடுவிரலால் சுண்டினார். கொஞ்சம் நகர்த்தி மறுபடி சுண்டினார். முகம் மாறியது. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டு அதே இடத்தில் சுண்டினார். டிங். தண்ணீர் தீர்ந்துபோன எவர்சில்வர் குடத்தின் பக்கத்தில் சுண்டினால் வருமே, அந்தத் தெளிவான உலோகச் சத்தம். ஒரு மாட்டின் வயிற்றிலிருந்து அது வரும் என்று நான் நினைத்ததே இல்லை. இரண்டு கை தள்ளிச் சுண்டினால் வெறும் மந்தமான சத்தம்.

மாட்டின் நான்காவது இரைப்பை அடிவயிற்றில் வலப்பக்கமாக இருக்க வேண்டியது. கன்று போட்டபின் சில மாடுகளில் அதில் வாயு நிரம்பி, மிதந்து, இடப்பக்கம் முதல் இரைப்பைக்கும் விலாவுக்கும் இடையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நிறையக் கறக்கும் மாடுகளுக்கே அதிகம் வரும். நம்மூரில் அடிக்கடி பார்க்கிற நோயில்லை. உள்ளே அழுத்தத்தில் வாயு, சுற்றி விறைத்த சுவர். விறைப்பாக இழுத்துக் கட்டிய தோலுக்கும் இதற்கும் இயற்பியல் ஒன்றுதான். இப்படித் தட்டிக் கேட்பதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்த லியோபோல்ட் ஆவென்ப்ரூகர், ஆஸ்திரியாவின் கிராட்ஸில் சத்திரம் நடத்தியவரின் மகன். 1761இல் மார்பைத் தட்டி நோயறியும் முறையை வெளியிட்டார். அவரே பின்னால் இசையமைப்பாளர் சாலியேரியின் ஓபெரா ஒன்றுக்குப் பாடல்வரிகளும் எழுதினார். ஸ்டெதஸ்கோப்பை 1816இல் உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் லெனக் புல்லாங்குழல் வாசிப்பவர். எனக்கு இது தற்செயலாகப் படவில்லை. ஒலியின் நிறத்தைப் பிரித்துக் கேட்கப் பழகிய காது நோயாளியின் படுக்கையருகே போனபோது, பழகாத காதுக்குக் கேட்காதது கேட்டிருக்கிறது.

நான் உற்சாகத்தில் இருந்தேன். திட்டத்தை அவரிடம் விரித்தேன். நோயுள்ள மாடுகளை அவர் வேலை செய்யும் மருத்துவமனையில் பதிவு செய்யலாம், அங்கேதான் அவை வரும். நல்ல மாடுகளை இப்படி வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்யலாம். இந்தத் துறையில் வந்திருக்கும் பல கட்டுரைகளின் வழியும் இதுதான். அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார். பிறகு கையைத் துண்டில் துடைத்தபடி மேலே பார்த்தார்.

"ஆஸ்பத்திரில உசரமான தகரக் கூரை சார். டைல்ஸ் தரை. இங்க தாழ்ந்த சிமெண்ட் ஷீட், மண் தரை. அங்க வர்ற மாடு வண்டில ஏறி வந்த பயத்துல மூச்சு வாங்கிட்டு நிக்கும். இங்க அசை போட்டுட்டு நிக்கும். உங்க மெஷின் கூரையைப் பார்த்தே சொல்லிருமே, இதுக்கு வியாதி, அதுக்கு இல்லைன்னு?"

ஹான்ஸைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. ஸ்டர்மின் கட்டுரையை அவர் படித்ததில்லை, படிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ஃபுங்ஸ்ட் கேட்ட கேள்வியை அவர் கொட்டகையின் கூரையைப் பார்த்துக் கேட்டார். ஏனென்றால் வருஷக்கணக்கில் அவர் அந்த 'டிங்'கைத் தகரக் கூரையின் கீழேயும் சிமெண்ட் ஷீட்டின் கீழேயும் வேப்பமரத்தடியிலும் கேட்டிருக்கிறார். எது மாட்டின் சத்தம், எது இடத்தின் சத்தம் என்று அவர் காதுக்குத் தெரியும். முதல் இரைப்பையில் வாயு சேர்ந்தாலும் ஒரு சத்தம் வரும், அது இதைவிடத் தாழ்ந்தது, அதையும் இதையும் அனுபவமில்லாதவர் குழப்பிக்கொள்வார் என்றும் சொன்னார். இதெல்லாம் என் தரவுத் தொகுப்பின் எந்த நெடுவரிசையிலும் இருந்திருக்காது.

நிதிக்குழுப் பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அங்கே எனக்குக் கிடைத்தது. நாங்கள் நாலு வயலை மேலோட்டமாக உழவில்லை. உழுவது ஒரே வயல்: தட்டினால் வரும் ஒலியில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்ற ஒரே கேள்வி. அதில் ஓரளவுக்குமேல் இறங்கினால் மாடு தெரிந்தவரும், இரசாயனம் தெரிந்தவரும், காது பழகியவரும் பக்கத்தில் இல்லாமல் முடியாது. எங்கள் கலப்பை மண்ணில் போகிறதா, வெறும் காற்றில் போகிறதா என்பதையே அவர்கள்தான் சொல்ல முடியும்.

கரணை

சி.வி. ராமனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய நோபல் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ராமன் விளைவைக் கண்டறிந்த 1928க்கு எட்டு வருஷம் முன்பு அவர் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு குறிப்பைத்தான் சொல்கிறேன். வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். அதனால்தான் பெரும்பாலான முரசுகளுக்குச் சத்தம் உண்டு, சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் மட்டும் அவை 1, 2, 3, 4, 5 என்று முழு மடங்குகளாக வரிசைப்படுகின்றன. காரணம் நடுவில் இருக்கும் கரணை. அந்தக் கறுப்பு வட்டத்தின் எடை அதிர்வுகளை இழுத்துப் பிடித்து ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. 1934இல் இதை விரிவாக எழுதியபோது, தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி, எந்தக் கோடுகள் அசையாமல் நிற்கின்றன என்று காட்டினார்.

கரணை போடுபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? சோற்றுப் பசையோடு கிட்டான் கல் பொடியைக் கலந்து, துளித்துளியாக வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி ஒரு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் காதுதான் கணக்கு. ராமன் கண்டது இந்தக் கைகள் ஏற்கெனவே தீர்த்து வைத்திருந்த ஒரு பிரச்சினையின் காரணத்தை. ஒளியியலுக்கு நடுவே மத்தளம் எதற்கு என்று கேட்டு யாராவது அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால்? அதிர்வு என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் வயலினிலும் மிருதங்கத்திலும் பிறகு மூலக்கூறுகளிலும் துரத்தினார். மூலக்கூறின் அதிர்வைச் சிதறிய ஒளியில் படிக்கும் அவருடைய முறை இன்று கையடக்கக் கருவியாக வந்து மருந்தையும் வெடிபொருளையும் அடையாளம் காட்டுகிறது. தோலில் அவர் கண்ட அந்த அதிர்வு வடிவங்களோ, 2013இல் சென்னை ஐஐடியில் மிருதங்கச் சொற்களைக் கணினியால் பிரித்தெழுத முனைந்த ஆய்வுக்கு உதவின.

இப்போது எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லி முடிக்கிறேன். மருத்துவமனைப் பதிவு, வீட்டுப் பதிவு என்ற பிரிவை விட்டுவிட்டோம். ஒரே மாட்டை, ஒரே கூரையின் கீழ், ஒரே போனில், இடம் மாறிய இரைப்பையைச் சரிசெய்யும் அறுவைக்கு முன்னும் காயம் ஆறிய பின்னும் பதிவு செய்கிறோம். இதிலும் ஓட்டை உண்டு: நோய் எப்போதும் முதலில், குணம் எப்போதும் பின்னால் என்று காலம் ஒரே திசையில் போகிறது, உணரி நகர்ந்தால் பழைய கதைதான். அதனால் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் கட்டியிருக்கும் நல்ல மாட்டையும், அளவு தெரிந்த அசிட்டோன் குப்பியையும் சேர்த்தே அளக்கிறோம். மாட்டுக்கு என்ன நோய் என்று பதிவு செய்யும் மாணவிக்குச் சொல்வதில்லை. அவர் கை தன்னை அறியாமல் அழுத்திச் சுண்டிவிடக் கூடாது. இப்படிச் செய்தால் பதிவுகள் மெதுவாகத்தான் சேரும், நோயும் அரிது. பரவாயில்லை. மென்பொருள் எழுதி முடித்ததும் அதற்கு வைக்கப்போகும் முதல் சோதனையைப் பற்றி மருத்துவரும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம்: மாட்டைத் தொடாமல், கொட்டகையின் சத்தத்தை மட்டும் எடுத்த பதிவுகளைக் கொடுத்து நோய் உண்டா என்று கேட்போம். அதற்கும் அது சரியான விடை சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவோம்.